பேஸ்பால் ஸ்டேடியத்தில் ஆட்டோகிராஃப் வாங்க இப்போது வழியே இல்லையா?

கலிஃபோர்னியா அப்பா எழுதியது:

வணக்கம். இங்கே பேஸ்பால் பார்க்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்பது பழைய பதிவுகளைப் படித்தபோது தெரிந்தது. அந்த தைரியத்தில் கேட்கிறேன்.

மகனுக்குப் பத்து வயது. லிட்டில் லீக் என்ற சிறுவர் லீகில் செகண்ட் பேஸ் ஆடுகிறான். எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும், இந்த ஆட்டத்தை அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். இந்த வருடம் அவனுக்கு ஒரே ஒரு ஆசை. தன்னிடம் இருக்கும் வெள்ளைப் பந்தில் ஒரு மேஜர் லீக் (மேல்மட்டத் தொழில்முறை லீக்) வீரர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். யார் போட்டாலும் சரி என்கிறான்.

போன மாதம் அதற்காகவே கிளம்பிப் போனோம். எந்த ஸ்டேடியம் என்று சொல்ல வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான் என்கிறார்கள். கேட் திறக்கும்போதே வாசலில் நின்றோம். உள்ளே போய்ப் பார்த்தால் எங்கள் அணி பேட்டிங் பிராக்டிஸை முடித்துக்கொண்டு எப்போதோ உள்ளே போயிருந்தது. எதிரணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. டக்அவுட் (ஆட்டத்தின்போது வீரர்கள் உட்காரும் இடம்) பக்கம் இறங்கலாம் என்று போனால் ஊழியர் டிக்கெட்டைக் கேட்டார். அந்தப் பகுதி டிக்கெட் இல்லாதவர்கள் இறங்கக் கூடாதாம். சரி என்று கோட்டோரமாக நடந்தோம். பாதி தூரம் வரை பந்து தடுக்கும் வலை. வலை முடியும் இடத்தில் ஏற்கெனவே ஒரு கூட்டம். அதில் முக்கால்வாசிப் பேர் பெரியவர்கள், கையில் வீரர் படம் போட்ட கார்டுகளின் தடிமனான ஆல்பம், ஆளுக்கு இரண்டு மூன்று பந்து. ஒரு ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் பந்துவீச்சாளர்) பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் கையெழுத்துப் போட்டார். அவருடைய கைக்கு எட்டியது எல்லாம் பெரியவர்கள் நீட்டிய பொருட்கள்தான். பையன் அவர்களுடைய முழங்கைக்குக் கீழே நின்று பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் போய்விட்டார்.

ஆட்டம் முடிந்த பிறகு வெளியே காத்திருந்தோம். கார்கள் நிலத்தடியிலிருந்து நேராகத் தெருவுக்கு ஏறின. கண்ணாடி முழுக்கக் கறுப்பு, யார் போகிறார் என்றுகூடத் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெரியவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் வீரர்கள் கார் நிறுத்தும் இடத்தில் நின்றே பாதி அணியின் கையெழுத்தை வாங்கிவிடுவார்களாம். கேட்கவே பொறாமையாக இருந்தது.

கடையில் கையெழுத்துப் போட்ட பந்தே கிடைக்கிறது, வாங்கித் தருகிறேன் என்றேன். "அவர் போடும்போது நான் பாக்கணும்பா" என்றான். அதற்கு மேல் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கே, எப்போது போய் நின்றால் நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

டெக்சஸ்காரன் எழுதியது:

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீரர்கள் மேல் கோபம் வேண்டாம் என்பது என் கருத்து. ஏப்ரல் கடைசி வரை குளிர், அப்புறம் வெயில், சீசனுக்கு 162 ஆட்டம், நடுராத்திரி விமானம். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் நிமிடக் கணக்கில் வேலை இருக்கிறது. இன்னொன்று, பேஸ்பாலின் விதிப் புத்தகத்திலேயே 4.06 என்று ஒரு விதி உண்டு. சீருடையில் இருக்கும் வீரர் ஆட்டத்துக்கு முன்போ, நடுவிலோ, பின்போ பார்வையாளர்களோடு பேசவோ கலக்கவோ கூடாது என்கிறது. அதை யாரும் கண்டிப்பாக நடத்துவதில்லை. கையெழுத்து வாங்குவது எந்தக் காலத்திலும் ரசிகரின் உரிமையாக இருந்ததில்லை, வீரர் மனம் வைத்துச் செய்வதுதான். பையனிடம் இதையும் சொல்லி வையுங்கள், ஏமாற்றம் கொஞ்சம் குறையும்.

—

சாண்ட்லர்வாசி எழுதியது:

சார், "நான் பாக்கணும்பா" என்று உங்கள் பையன் சொன்னதற்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இருக்கிறேன். என் இரண்டு பெண்களும் இந்த ஆட்டத்திலேயே வளர்ந்தவர்கள். பிப்ரவரி பிறந்தால் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இருக்காது.

கையெழுத்து கிடைப்பதும் கிடைக்காததும் ஒரே விஷயத்தில் இருக்கிறது: வீரர் உங்களைத் தாண்டி நடந்து போயே ஆக வேண்டிய இடம் எது? பழைய ஸ்டேடியங்களில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய இருந்தன. பாஸ்டனின் ஃபென்வே 1912, சிகாகோவின் ரிக்லி 1914, இரண்டும் வீடும் கடையுமாக இருக்கும் தெருக்களுக்கு நடுவே கட்டியவை. அந்தக் காலத்தில் வீரர் காரை விட்டு இறங்கினால் வாசல் வரை மக்களோடு மக்களாக நடந்துதான் வர வேண்டும். உங்களோடு வேலை பார்ப்பவர் சொன்னது பொய்யில்லை. புது ஸ்டேடியங்களைக் கட்டும்போதே அந்த நடையை எடுத்துவிட்டார்கள். கார் உள்ளே போய்விடுகிறது. இருக்கைகளுக்கு அடியிலேயே பேட்டிங் கூண்டு, உடற்பயிற்சி அறை, வீடியோ அறை, சாப்பாடு எல்லாம் வந்துவிட்டன. ஒரு பேட்ஸ்மேன் மதியம் வந்து நூறு பந்து அடித்து முடித்து, வெயிலே படாமல் ஆட்டத்துக்கு இறங்கலாம். மைதானத்தில் செய்யும் பேட்டிங் பிராக்டிஸ் பலருக்கு இப்போது கட்டாயமே இல்லை. அப்படியே செய்தாலும் உள்ளூர் அணிதான் முதலில் அடிக்கும், கேட் திறப்பதற்குள் பெரும்பாலும் முடித்துவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான். அதிலும் சனிக்கிழமை இரவு ஆட்டம் முடிந்து ஞாயிறு மதியம் அடுத்த ஆட்டம் என்றால் பெரும்பாலும் பிராக்டிஸே கிடையாது. குடும்பத்தோடு போக வசதியான நாள் அதுதான், கையெழுத்துக்குத்தான் உதவாது.

இருக்கைகளின் விலையும் சேர்ந்துகொண்டது. 2009-ல் நியூயார்க்கில் புது யாங்கி ஸ்டேடியம் திறந்தபோது முதல் வரிசை இருக்கை ஒன்றுக்கு 2,500 டாலர் வரை வைத்தார்கள். அந்த வரிசைகளுக்கும் பின்னால் இருப்பவற்றுக்கும் நடுவே கான்கிரீட் இடைவெளி. ரசிகர்கள் அதற்கு அகழி என்றே பெயர் வைத்தார்கள். அந்த விலையை அப்புறம் பாதியாகக் குறைத்தார்கள், ஆனால் மைதானத்தை ஒட்டிய பகுதி தனி வாசல், தனிச் சாப்பாடு என்று பிரிந்து நிற்பது பல ஊர்களில் இன்று சகஜம். எனக்கு இதில்தான் மனசு ஆறுவதில்லை. ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, அந்த இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன, பத்து வயதுப் பையன் ஒருவன் அங்கே இறங்கி நின்றால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? அந்த ஒரு மணி நேரம் மட்டும் குழந்தைகளை இறங்க விடும் ஸ்டேடியங்களும் இருக்கின்றன. மற்றவர்களும் அதைச் செய்யலாம்.

வலையைப் பற்றி மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். 2015 டிசம்பரில் எம்எல்பி (மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு) ஒரு பரிந்துரை கொடுத்தது: டக்அவுட்டுகள் தொடங்கும் இடம் வரை, பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 70 அடிக்குள் இருக்கும் இருக்கைகளுக்காவது வலை வேண்டும் என்று. அது போதவில்லை. 2017 செப்டம்பரில் யாங்கி ஸ்டேடியத்தில் ஒரு குழந்தையின் முகத்தில் பந்து பட்டது. அதற்குப் பிறகுதான் 2018 சீசன் தொடங்குவதற்குள் 30 அணிகளும் டக்அவுட்டின் கடைசி வரை வலையை நீட்டின. அதே வருடம் ஆகஸ்டில் டாட்ஜர் ஸ்டேடியத்தில் 79 வயது அம்மா ஒருவர் தலையில் பந்து பட்டு இறந்தார். 2019 மே மாதம் ஹூஸ்டனில் சிகாகோ கப்ஸின் ஆல்பர்ட் அல்மோரா அடித்த பந்து ஒரு சின்னப் பெண் மேல் பட்டது. அந்த மனிதர் அங்கேயே முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன், என் சின்னவள் மடியில் இருந்தாள். அதனால் வலை இருக்கட்டும். ஆட்டத்துக்கு முன்பு வலையின் ஒரு பகுதியைத் தூக்கிவிடும் ஏற்பாடு சில இடங்களில் இருக்கிறது, அது எல்லா இடத்துக்கும் வந்தால் நல்லது.

சரி, இனி உங்களுக்கு வழி.

அரிசோனாவுக்கு வாருங்கள். சீசனுக்கு முந்தைய பயிற்சியான ஸ்பிரிங் டிரெயினிங்குக்கு 30 அணிகளில் 15 ஃப்ளோரிடாவுக்குப் போகும், 15 இங்கே வரும். இங்கே வரும் 15 அணிகளுக்கும் 10 ஸ்டேடியம், எல்லாமே ஃபீனிக்ஸைச் சுற்றி. பிப்ரவரி நடுவில் முதலில் பிட்சர்களும், விக்கெட் கீப்பர் மாதிரி இருக்கும் கேட்சர்களும், சில நாள் கழித்து மற்றவர்களும் வந்து சேர்வார்கள். ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்தைய அந்தச் சில நாட்கள்தான் பொன்னான நாட்கள். காலையில் பயிற்சி, பல இடங்களில் இலவசமாகவே உள்ளே விடுவார்கள். பயிற்சி நடப்பது பெரிய ஸ்டேடியத்தில் இல்லை. பின்னால் வரிசையாக இருக்கும் பயிற்சி மைதானங்களில்.

அங்கே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மைதானங்களுக்கு நடுவே ஒரு சிமென்ட் பாதை, இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குக் கம்பி வேலியோ கயிறோ. ஒரு மைதானத்தில் ஃபீல்டிங் முடிந்ததும் ஹார்ன் ஒன்று ஊதும். உடனே அந்தக் குழு மொத்தமும் அடுத்த மைதானத்துக்குக் கிளம்பும். ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும், ஸ்பைக்ஸ் சிமென்டில் படும் சத்தம். தோளில் மட்டை, பின் பாக்கெட்டில் கையுறை தொங்க, ஒருவர் பின் ஒருவராகப் பையன் நிற்கும் இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில் வருவார்கள். அந்தப் பாதையைக் கடக்காமல் அடுத்த மைதானத்துக்குப் போக முடியாது. பயிற்சிக்குப் போகும்போது அவசரம், தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். பயிற்சி முடிந்து திரும்பும்போது நிற்பார்கள். அதனால் காலை ஒன்பதுக்கே போய் இடம் பிடித்தாலும் பதினொன்றுக்கு மேல் பொறுமையாக இருங்கள்.

என் பெரியவளுக்கு ஒரு இன்ஃபீல்டர் போட்டுக் கொடுத்தது கண் முன்னே நிற்கிறது. பந்தை வாங்கி விரல்களால் உருட்டி, தையல் இரண்டும் நெருங்கி வரும் குறுகலான இடத்தைத் தேடினார். ஸ்வீட் ஸ்பாட் என்பார்களே, அது. பந்தைத் தொடையில் அழுத்திக்கொண்டு எழுதினார். கையில் இருந்த பைன் டார் (மட்டையில் பிடிமானத்துக்குத் தடவும் பிசின்) ஒட்டி, பெயருக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு விரல் தடம் விழுந்துவிட்டது. அவள் அதைத் துடைக்க விடவே இல்லை.

பேனா விஷயத்தில் கவனம். தோல் பந்தில் நீல பால்பாயிண்ட்தான். ஷார்பி மார்க்கரில் எழுதினால் வருடங்கள் போகப் போக மை தோலில் ஊறிப் பரவிவிடும். கார்டுக்கும் போட்டோவுக்கும் ஷார்பி சரி. பந்து ராலிங்ஸின் அதிகாரபூர்வ மேஜர் லீக் பந்தாக இருந்தால் நல்லது. விலை குறைந்த செயற்கைத் தோல் பந்தில் எழுத்து நிற்காது.

அப்புறம், பையனே கேட்கட்டும். நீங்கள் இரண்டு அடி பின்னால் நில்லுங்கள். பேனா மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருக்கட்டும். பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தாமல் "மிஸ்டர்" என்று குடும்பப் பெயரோடு கூப்பிடச் சொல்லுங்கள். வசந்தகாலப் பயிற்சியில் 70, 80 என்று பெரிய எண் போட்ட இளைஞர்கள் நிறைய பேர் இருப்பார்கள், யார் என்றே தெரியாது. அணியின் ரோஸ்டரை (வீரர் பட்டியலை) அச்சிட்டுக் கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே அவர்களுக்கு முகம் மலரும்.

முக்கியமாக, கையெழுத்துக்கு மேலே பையனின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் எழுதிய பந்தை விற்பது கடினம். ஆல்பத்தோடு நிற்கும் ஆட்கள் அதைக் கேட்கவே மாட்டார்கள், வீரர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். "என் பேரும் எழுதுங்க" என்று குழந்தை கேட்டால் அது விற்பனைக்கு இல்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிடும், நடந்துகொண்டிருப்பவரும் நின்றுவிடுவார்.

பிப்ரவரியில் வர முடியாவிட்டால் அக்டோபரில் வாருங்கள். அரிசோனா ஃபால் லீக் என்று ஆறு அணிகள், ஒவ்வொரு மேஜர் லீக் கிளப்பும் தன் நம்பிக்கைக்குரிய இளைஞர்களை அனுப்பும். பல ஆட்டங்களில் கூட்டம் சில நூறு பேர்தான். 2011-ல் ஸ்காட்ஸ்டேல் அணியில் மைக் ட்ரவுட்டும் ப்ரைஸ் ஹார்ப்பரும் சேர்ந்து ஆடினார்கள். 2014-ல் அதே அணியில் ஏரன் ஜட்ஜ். இன்று இவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

—

நியூஜெர்சி அம்மா எழுதியது:

சாண்ட்லர் அண்ணா சொன்னதில் ஒரு வரிகூட விடாமல் என் கணவருக்கு அனுப்பிவிட்டேன்.

அரிசோனா வரை போக முடியாதவர்களுக்கு என் பங்குக்கு மைனர் லீக், அதாவது மேஜர் லீகுக்குக் கீழே இருக்கும் லீக். நாங்கள் பிரிட்ஜ்வாட்டர் பக்கம் இருக்கிறோம். சாமர்செட் பேட்ரியட்ஸ் என்ற அணி 2021-லிருந்து யாங்கீஸின் டபுள்-ஏ அணி (மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே; ட்ரிபிள்-ஏ ஒரு படி கீழே). ஸ்டேடியம் சின்னது, டிக்கெட் விலையும் குறைவு, எந்த இருக்கையில் இருந்தாலும் வீரர்கள் பக்கத்தில்தான். என் பெண் சாஃப்ட்பால் ஆடுகிறாள், கோடை முழுக்க அங்கேதான் கிடப்பாள். ஆட்டத்துக்கு முன் வீரர்கள் புல்லில் உட்கார்ந்து காலை நீட்டிப் பயிற்சி செய்வார்கள், அது முடிந்து டக்அவுட்டுக்கு வரும்போது கம்பி ஓரம் குழந்தைகள் நிற்கும். பேனாவை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பாள், கீழே விழுந்தால் மைதானத்துக்குள் போய்விடுமே.

2022-ல் ஆந்தனி வோல்பி அங்கேதான் ஆடினார். எங்கள் நியூஜெர்சிப் பையன். அடுத்த வருடம் யாங்கீஸுக்கே ஷார்ட்ஸ்டாப், முதல் சீசனிலேயே கோல்ட் க்ளவ் (சிறந்த ஃபீல்டர் விருது). கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு யார் பெரிய ஆளாக வருவார் என்று யாருக்கும் தெரியாது. என் பெண் பட்டியலே வைத்திருக்கிறாள், யார் ட்ரிபிள்-ஏ போனார், யார் மேலே போனார், யார் விட்டுவிட்டார் என்று. அந்த விட்டுவிட்டவர்களின் கார்டையும் அவள் எடுத்து வைத்திருக்கிறாள். நன்றாகப் பேசிய ஒரு கேட்சர் அடுத்த வருடம் அணியிலேயே இல்லை என்று தெரிந்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வேலை எவ்வளவு நிச்சயமில்லாதது என்பது குழந்தைக்கு அப்படித்தான் புரிந்தது.

இன்னொன்று, காயம் ஆறி வரும் பெரிய வீரர்களைச் சில நாள் மைனர் லீகில் ஆட வைப்பார்கள். அதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்று கூட்டம் எகிறும், ஆனாலும் மேஜர் லீக் ஸ்டேடியத்தைவிட எவ்வளவோ மேல்.

உங்கள் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, ஸ்டாக்டன், ஃப்ரெஸ்னோ என்று பக்கத்திலேயே அணிகள் இருக்கின்றன சார். அங்கிருந்து தொடங்குங்கள்.

—

சேக்ரமென்டோ எழுதியது:

சுருக்கமாக ஒன்று சேர்க்கிறேன். மேஜர் லீக் வீரர்தான் வேண்டும் என்றால் எங்கள் ஊரையும் பாருங்கள். ஏ'ஸ் அணி ஓக்லாண்டை விட்டு வந்து 2025-லிருந்து வெஸ்ட் சேக்ரமென்டோவில் சட்டர் ஹெல்த் பார்க்கில் ஆடுகிறது. 2028-ல் லாஸ் வேகஸ் போவதாகத் திட்டம், அதுவரை இங்கேதான். அது மைனர் லீகுக்காகக் கட்டியது, 14,000 பேர் அளவுக்குத்தான் இடம். உடைமாற்றும் அறைகள் அவுட்ஃபீல்டுக்கு அப்பால் இருக்கின்றன. டக்அவுட்டிலிருந்து உள்ளே போக வழி கிடையாது. இரு அணியினரும், எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும், மைதானத்தின் ஓரமாக நடந்துதான் வர வேண்டும், போக வேண்டும். சாண்ட்லர் நண்பர் சொன்ன "நடந்தே ஆக வேண்டிய இடம்" இதுதான். வேலை நாள் ஆட்டமாகப் பார்த்து வாருங்கள்.

—

பழைய கார்டு எழுதியது:

கடையில் வாங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பல வருடங்களாகக் கார்டு சேர்ப்பவன்.

வாங்குவதாக இருந்தால் ஹோலோகிராம் (அசல் என்று சான்று சொல்லும் ஸ்டிக்கர்) பார்த்து வாங்குங்கள். 1990-களில் கையெழுத்துச் சந்தை போலிகளால் நாறிக் கிடந்தது. சான் டியாகோ அணி வீரர் டோனி க்வின் தன் பெயரில் யாரோ விற்ற பொருட்களைப் பார்த்து, இது என் கையெழுத்தே இல்லை என்று சொன்னார். எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு விசாரணை நடத்தி ஒரு பெரிய கும்பலையே பிடித்தது. அந்தக் கும்பல் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் வரை தயாரித்து வைத்திருந்தது. அதன் விளைவாகத்தான் 2001-ல் எம்எல்பி சொந்தமாகச் சான்றளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. காவல்துறை அனுபவம் உள்ள ஒருவர் நேரில் நின்று பார்த்தால்தான் ஹோலோகிராம் ஒட்டுவார். அதில் ஒரு எண் இருக்கும், எம்எல்பி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். "என் தாத்தா நேரில் வாங்கினார்" என்று சொல்லி இணையத்தில் விற்கும் எதையும் தொடாதீர்கள்.

உங்கள் பையனை மறைத்துக்கொண்டு நின்றவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்பதற்கும் இதில்தான் பதில். 2024 கிறிஸ்துமஸ் அன்று லாஸ் ஏஞ்சலஸில் 11 வயதுப் பையன் ஒருவன் பரிசாக வந்த கார்டு பாக்கெட்டைப் பிரித்தபோது பிட்ஸ்பர்க் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் கையெழுத்துப் போட்ட கார்டு கிடைத்தது. அவர் முதல் ஆட்டத்தில் போட்டிருந்த சட்டையின் பேட்ச் ஒட்டியது, உலகத்திலேயே ஒன்றுதான். பிட்ஸ்பர்க் அணி அதற்குப் பதிலாக 30 வருட சீசன் டிக்கெட் தருகிறோம் என்றது. அடுத்த மார்ச்சில் ஏலத்தில் 11 லட்சம் டாலருக்கு மேல் போனது. இப்படிப் பணம் புரளும்போது கம்பி ஓரம் குழந்தைகளுக்கு மட்டும் எப்படி மிஞ்சும்?

ஆனால் காசே கேட்காத வழி ஒன்று இருக்கிறது: தபால். ஓய்வு பெற்ற வீரர்கள் பலர் இன்றும் பதில் போடுகிறார்கள். பையன் தன் கையால் ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும், ஒரு கார்டு, முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை. இப்போது ஆடுபவர்களுக்கு எழுதுவதென்றால் ஸ்பிரிங் டிரெயினிங் முகவரிக்கு அனுப்பினால் வாய்ப்பு அதிகம். கார்டு தொலைந்தாலும் பரவாயில்லை என்ற மனதோடு அனுப்ப வேண்டும். சில வாரங்களில் வரலாம், வருடம் கழித்தும் வரலாம், வராமலும் போகலாம். எனக்கு வந்தவற்றில் மனதுக்கு நெருக்கமானது ஹார்மன் கில்லப்ரூவுடையது. 573 ஹோம் ரன் அடித்தவர், 2011-ல் மறைந்தார். ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்தது போல் தெளிவாக இருக்கும். மினசோட்டாவில் இளம் வீரர்களைக் கூப்பிட்டு வைத்து, உன் பெயரைப் படிக்க முடியும்படி எழுது, கேட்டு வாங்கும் குழந்தை அதைப் பத்திரமாக வைத்திருக்கப்போகிறது என்பாராம். டோரி ஹன்டர் போன்றவர்கள் அவரிடம் கற்றுக்கொண்டதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஹன்டரின் கையெழுத்தைப் பாருங்கள், படிக்கலாம்.

—

கலிஃபோர்னியா அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பையனுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். முழங்காலிட்ட வீரரைப் பற்றி நிறையக் கேள்வி கேட்டான். வலை மேல் அவனுக்கு இருந்த கோபம் போய்விட்டது.

சேக்ரமென்டோ எங்களுக்குக் காரில் போகும் தூரம்தான், அங்கே ஒரு வேலை நாள் ஆட்டம் பார்த்துவிடுவோம். அதற்கு மேல் அரிசோனா. பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே வாரம் முழுக்கப் பள்ளி விடுமுறை. சாண்ட்லர் அண்ணா, அந்த வாரம் வந்தால் சரியாக இருக்குமா? பதினைந்து அணியில் எங்கே தொடங்குவது?

—

சாண்ட்லர்வாசி எழுதியது:

அந்த வாரமேதான். எல்லா வீரர்களும் வந்து சேர்ந்திருப்பார்கள், ஆட்டங்கள் வார இறுதியை ஒட்டித்தான் தொடங்கும்.

முதல் நாள் ஸ்காட்ஸ்டேலில் சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸுக்குப் போங்கள். டயமண்ட்பேக்ஸ், ராக்கீஸ் இரண்டு அணிக்கும் அதுதான் இடம், ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் இது, இன்னொரு பக்கம் அது. டாட்ஜர்ஸ் பயிற்சி செய்யும் க்ளென்டேலின் கேமல்பேக் ராஞ்ச்சைக் கடைசி நாளுக்கு வையுங்கள். நட்சத்திர வீரர் ஒஹ்தானி அந்த அணிக்கு வந்த பிறகு அங்கே காலையிலிருந்தே நெரிசல், பையன் ஓரிரு கையெழுத்து வாங்கிய திருப்தியோடு போனால் அதை வெறும் வேடிக்கையாகப் பார்த்துவிட்டு வரலாம். நடுவில் ஒரு நாள் மேசாவில் கப்ஸ். பொதுமக்களை எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதை ஒவ்வொரு அணியும் தன் தளத்தில் போடும், கிளம்புவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள், வருடா வருடம் மாறும்.

காலையில் குளிரும், பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். தொப்பி, தண்ணீர், பேனா இரண்டு. பந்தை ஜிப் வைத்த பையில் போட்டு வையுங்கள். வந்து சேர்ந்ததும் தனிமடல் போடுங்கள். என் சின்னவளுக்கும் அந்த வாரத்தில் ஒரு நாள் பள்ளி கிடையாது, மைதானத்துக்கு நாங்களும் வருகிறோம். எந்த மூலையில் நிற்க வேண்டும் என்று அவளே உங்கள் பையனுக்குக் காட்டுவாள்.